ஃபிராக்டல் ஓவியம்: வடிவம் கணக்குடையது, நிறம் நம்முடையது

போனில் இருக்கும் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். ஏதாவது ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். முதலில் 1 என்றே வைப்போம். பூஜ்ஜியத்தில் தொடங்க வேண்டும். கையில் இருக்கும் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வருவதோடு அந்த 1-ஐக் கூட்ட வேண்டும். கிடைத்த விடையை மறுபடி அதே விடையால் பெருக்கி, மறுபடி 1-ஐக் கூட்ட வேண்டும். 0, 1, 2, 5, 26, 677 என்று ஐந்தே சுற்றில் எண் எங்கேயோ போய்விடும். இன்னும் நாலு சுற்று போட்டால் கால்குலேட்டர் திரையில் இடம் இருக்காது.

இதையே -1 என்ற எண்ணை வைத்துச் செய்து பாருங்கள். 0, -1, 0, -1 என்று இரண்டு எண்களும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். ராத்திரி முழுக்கச் செய்தாலும் அந்த இரண்டைத் தவிர வேறெதுவும் வராது.

ஆக, சில எண்கள் ஓடிவிடுகின்றன, சில எண்கள் தங்கிவிடுகின்றன. ஃபிராக்டல் ஓவியம் என்று நீங்கள் இணையத்தில் பார்த்து வியந்த படங்களில் பெரும்பாலானவை, சுருளுக்குள் சுருளாகப் போகும் அந்தப் படங்கள் எல்லாம், இந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தவைதான்: ஓடுமா, தங்குமா? ஓடினால் எத்தனை சுற்றில் ஓடும்?

இந்த 'எத்தனை சுற்று' என்பதில்தான் எல்லாச் சுவையும் இருக்கிறது. 0.25 என்ற எண்ணை எடுத்தால், விடை மெல்ல மெல்ல ஏறி 0.5-ஐ நெருங்கும், ஆனால் அதை ஒருபோதும் தொடாது. அது தங்கும் எண். பக்கத்திலேயே இருக்கும் 0.26-ஐ எடுத்தால், 0.26, 0.3276, 0.3673 என்று அதே போலத்தான் நிதானமாகக் கிளம்பும். பத்தாவது சுற்றில்கூட 0.48-ல்தான் நிற்கும். தங்கிவிடும் என்றே நமக்குத் தோன்றும். ஆனால் இருபத்தேழாவது சுற்றில் 1-ஐத் தாண்டி, முப்பதாவது சுற்றில் 2-ஐத் தாண்டி ஓடிவிடும். 0.2501 என்று எல்லைக்கு இன்னும் நெருங்கி நின்றால் 2-ஐத் தாண்ட 312 சுற்று ஆகும். 0.250001 என்றால் 3140 சுற்று. 30, 312, 3140 என்ற வரிசையைப் பார்த்ததும் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். ஆமாம், அது 3.14 என்று பள்ளியில் படித்த பை என்ற எண்தான். 1991-ல் டேவ் போல் என்பவர் கணினியில் விளையாடிக்கொண்டிருந்தபோது இது போன்ற ஒரு வரிசையைக் கவனித்தார். அது தற்செயல் இல்லை என்று பிற்பாடு நிரூபித்தும் விட்டார்கள். வட்டமே இல்லாத ஒரு கணக்குக்குள் வட்டத்தின் எண் உட்கார்ந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் சிலிர்க்கும்.

ஏன் 2-ஐ எல்லையாக வைக்கிறோம்? இந்தக் கணக்கில் 2-ஐத் தாண்டிய எதுவும் திரும்பி வராது. அதனால் அதற்கு மேல் எண்ண வேண்டிய தேவை இல்லை.

கோட்டிலிருந்து தளத்துக்கு

இதுவரை நாம் பார்த்தது ஒரே கோட்டின் மேல் இருக்கும் எண்கள். ஓவியம் வேண்டுமென்றால் ஒரு தளம் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பெண்கள் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். படிக்காதவர்கள் பயப்பட வேண்டாம். தளத்தில் ஒரு புள்ளிக்கு இரண்டு எண்கள்: இடமா வலமா எவ்வளவு, மேலா கீழா எவ்வளவு. ஒரு புள்ளியை அதே புள்ளியால் பெருக்குவது என்றால், நடுவிலிருந்து அது இருக்கும் தூரத்தை அதே தூரத்தால் பெருக்க வேண்டும், அது சாய்ந்திருக்கும் கோணத்தை இரட்டிப்பாக்க வேண்டும். அவ்வளவுதான். கூட்டுவது என்றால் அந்தப் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்துவது. சுழற்றி, நகர்த்தி, சுழற்றி, நகர்த்திப் போகிற இந்த ஓட்டத்தால்தான் படத்தில் சுருள்கள் வருகின்றன.

சாதாரண லேப்டாப் திரையில் 1920-க்கு 1080 என்ற அளவில் ஏறக்குறைய இருபது லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பிக்சலையும் ஒரு புள்ளியாக எடுத்து, மேலே சொன்ன சுற்றுகளைக் கணினி செய்து பார்க்கிறது. 2 என்ற தூரத்தைத் தாண்டாத புள்ளிக்குக் கறுப்பு. தாண்டிய புள்ளிக்கு, எத்தனையாவது சுற்றில் தாண்டியதோ அதற்கேற்ப ஒரு நிறம். இருபது லட்சம் புள்ளிகளுக்கும் இதைச் செய்து முடித்தால் திரையில் ஒரு கறுப்பு உருவம் வரும். வலப்பக்கம் இதயம் மாதிரி ஒரு பெரிய பகுதி, அதன் இடப்பக்கம் ஒட்டிய ஒரு வட்டம், இரண்டின் ஓரமெல்லாம் சின்னச் சின்ன மொட்டுகள், இடப்பக்கம் -2 வரை நீளும் ஓர் ஊசி. இதுதான் மாண்டெல்பிராட் கணம், ஆங்கிலத்தில் மாண்டெல்பிராட் செட்.

பெயருக்குரிய பெனுவா மாண்டெல்பிராட் 1924-ல் வார்சாவில் பிறந்தவர். ஐபிஎம் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். 1980-ல் அங்கிருந்த கணினிகளை வைத்து இந்த உருவத்தை ஆராய ஆரம்பித்தார். இதன் வேர் அதற்கும் முன்னால் போகிறது. முதல் உலகப் போர்க் காலத்திலேயே பிரான்சில் காஸ்டன் ஜூலியா, பியர் ஃபாட்டு என்ற இரண்டு கணிதவியலாளர்கள் இந்தச் சுற்றுக் கணக்கை ஆழமாக அலசிவிட்டார்கள். கணினி இல்லாத காலம் என்பதால் தாங்கள் எழுதியது எப்படித் தோற்றமளிக்கும் என்பதை அவர்களால் கண்ணால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. 1978-ல் ராபர்ட் புரூக்ஸ், பீட்டர் மடெல்ஸ்கி இருவரும் நட்சத்திரக் குறிகளை அச்சடித்து ஒரு கரடுமுரடான முதல் படத்தை எடுத்தார்கள். 1985 ஆகஸ்டில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழின் அட்டையில் இந்தப் படம் வந்த பிறகு, வீட்டுக் கணினி வைத்திருந்தவர்கள் எல்லாம் இதை வரைந்து பார்க்கக் கிளம்பினார்கள். பொழுதுபோக்காக இது வளர்ந்த கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எதில் வரைவது, எங்கே போவது

முதல் நாளுக்கு சாவோஸ் என்ற மென்பொருள் போதும். இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். மவுஸின் இடப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் படம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வலப் பொத்தானை அழுத்தினால் வெளியே வரும். பழைய லேப்டாப்பிலும் தடங்கலில்லாமல் ஓடுவதுதான் அதன் பெரிய பலம். கொஞ்சம் பழகி, அடுக்கு அடுக்காக நிறம் சேர்க்க வேண்டும் என்ற ஆசை வந்த பிறகு அல்ட்ரா ஃபிராக்டல் பக்கம் போகலாம். அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. வாங்கும் முன் அதன் சோதனைப் பதிப்பை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். முப்பரிமாண உருவங்களில் விருப்பம் உள்ளவர்களுக்கு மாண்டெல்பல்பர் இருக்கிறது, அதுவும் இலவசம்.

எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டால், எல்லைக்குப் போங்கள். கறுப்புக்கு உள்ளே ஒன்றும் இல்லை. கறுப்பிலிருந்து வெகுதூரத்திலும் ஒன்றும் இல்லை. எல்லா அழகும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஓரத்தில்தான். அந்த ஓரம் எவ்வளவு நெளிவானது தெரியுமா? கோடு என்பதற்குப் பரிமாணம் ஒன்று, தளத்துக்கு இரண்டு என்று பள்ளியில் படித்தோம். இந்த எல்லையின் பரிமாணம் இரண்டு என்று 1991-ல் மிட்சுஹிரோ ஷிஷிகுரா என்ற ஜப்பானியக் கணிதவியலாளர் நிறுவினார். கோடாகப் பிறந்தது, நெளிந்து நெளிந்து ஒரு தளத்துக்குச் சமமாகிவிட்டது.

குறிப்பாகச் சில இடங்கள் சொல்கிறேன். இதயப் பகுதியும் இடப்பக்க வட்டமும் சந்திக்கும் இடுக்கு, அதாவது -0.75, 0.1 அருகில் இருப்பதைக் கடற்குதிரைப் பள்ளத்தாக்கு என்பார்கள். வால் சுருண்ட கடற்குதிரைகள் வரிசையாக நிற்கும். அதிலேயே -0.7436, 0.1318 என்ற புள்ளிக்குள் இறங்கினால், இரட்டைச் சுருள்களும் அவற்றின் நடுவே முழு உருவத்தின் சின்னஞ்சிறு பிரதியும் கிடைக்கும். நேர் எதிர்ப்பக்கம், இதயத்தின் பிளவில் 0.28, 0.01 அருகே யானைப் பள்ளத்தாக்கு. தும்பிக்கை தூக்கிய யானைகள் அடுத்தடுத்துப் போகும். மேலே 0.26 முப்பது சுற்று எடுத்துக்கொண்டதே, அந்த இடமே இதுதான். இடப்பக்க ஊசியில் -1.75 அருகே போனால் இன்னொரு முழு உருவம் குட்டியாக உட்கார்ந்திருக்கும்.

உள்ளே போகப் போக, ஒரு கட்டத்தில் படம் மழுங்கிப் போகும். சுருள்களின் நுனிகள் கறுப்புக் குமிழ்களாகிவிடும். மென்பொருளில் கோளாறு ஒன்றும் இல்லை. அதிகபட்சச் சுற்று என்று ஓர் அமைப்பு இருக்கும். அது 20 என்று இருந்தால், முப்பதாவது சுற்றில் ஓடப்போகிற 0.26-ஐயும் கணினி 'தங்கிவிட்டது' என்று முடிவு கட்டிக் கறுப்பைப் பூசிவிடும். ஆழம் கூடக் கூட இந்த எண்ணை 500, 2000, 10000 என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். நேரம் அதிகமாகும், ஆனால் நுனிகள் கூர்மையாகத் திரும்பி வரும். இன்னும் ஆழம் போய், பத்து லட்சம் கோடி மடங்குக்கும் மேல் பெரிதாக்கினால் படம் கட்டம் கட்டமாக உடையும். சாதாரணமாகக் கணினி ஓர் எண்ணுக்கு வைத்துக்கொள்ளும் தசம இலக்கங்கள் தீர்ந்துவிட்டன என்று அர்த்தம். அதற்கென்றே தனி மென்பொருள்கள் உண்டு. ஆரம்பத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை.

நிறம்

நான் இருப்பது பெங்களூரு அல்சூரில். என் லேப்டாப்பில் இந்தப் படங்களைப் பார்த்த பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டான்: "அக்கா, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்தானே வரையுது? இதுல உங்க வேலை என்ன?"

நல்ல கேள்வி. "சரி தம்பி, இதே இடம், இதே அளவு. நிறத்தை மட்டும் நீ போடு" என்று லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். அவன் வெளிறிய நீலமும் வெள்ளையும் போட்டான். கடற்குதிரைகள் காணாமல் போய், பாறையில் மோதி உடைகிற அலை வந்தது. என் படத்தில் அதே இடம் அரக்கும் பொன்னுமாக, கோயில் வாகனத்தின் உலோக வேலைப்பாடு மாதிரி இருந்தது. வடிவத்தில் ஒரு பிக்சல்கூட மாறவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. இப்போது அவனும் படம் போடுகிறான்.

இந்தக் கலையில் வடிவம் யாருக்கும் சொந்தமில்லை. -0.7436, 0.1318 என்ற புள்ளி சென்னையிலும் டோக்கியோவிலும் ஒன்றுதான். எங்கே நிற்பது, எந்த அளவில் சட்டம் போடுவது, என்ன நிறம் கொடுப்பது, இந்த மூன்றும்தான் நம் கையில் இருப்பவை. மூன்றிலும் அதிக இடம் கொடுப்பது நிறம். அதனால்தான் தினமும் செய்யலாம், தினமும் புதிதாக இருக்கும் என்கிறேன்.

நிறம் எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். மிக எளிய முறையில், 5-வது சுற்றில் ஓடியதற்கு ஒரு நிறம், 6-வதில் ஓடியதற்கு இன்னொன்று. இப்படிச் செய்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். வெளியே அகலமான பட்டைகள், எல்லைக்குப் பக்கத்தில் மெல்லிய பட்டைகள். சில படங்களுக்கு அதுவே அழகு. பட்டை வேண்டாமென்றால், புள்ளி 2-ஐத் தாண்டியபோது எவ்வளவு தூரம் தாண்டி விழுந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கொஞ்சம் தாண்டியதா, நிறையத் தாண்டியதா என்பதைப் பொறுத்து 5-க்கும் 6-க்கும் நடுவில் 5.3, 5.8 என்று பின்னச் சுற்றுகள் கிடைக்கும். நிறம் வழுக்கிக்கொண்டு மாறும். மென்பொருள்களில் ஸ்மூத் கலரிங் என்ற பெயரில் இருப்பது இதுதான்.

அடுத்தது கிரேடியன்ட், அதாவது எந்த நிறத்துக்குப் பிறகு எந்த நிறம் என்ற வரிசை. இது ஒரு வளையம். கடைசி நிறம் முடிந்ததும் மறுபடி முதல் நிறம் வரும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் படத்தின் நடுவில் வெடிப்பு மாதிரி ஒரு கோடு தெரியும். எனவே முடிவைத் தொடக்கத்தோடு சேர்த்துவையுங்கள்.

ஆரம்பத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் வானவில்லின் ஏழு நிறத்தையும் முழுச் செறிவில் கொட்டிவிடுவார்கள். திரையில் பளிச்சென்று இருக்கும், கண் எங்கேயும் தங்காது. நான் சொல்லும் அளவு: ஒரு கரிய நிறம், ஒரு வெளிறிய நிறம், நடுவில் இரண்டு. நாலே நாலு. அதிலும் நிறத்தைவிட வெளிச்ச வித்தியாசம் முக்கியம். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் சுருள்கள் தெளிவாகத் தெரிந்தால் நிறம் சரியாக விழுந்திருக்கிறது. எல்லாம் ஒரே சாம்பலாகிவிட்டால், எத்தனை நிறம் போட்டாலும் அந்தப் படம் எழுந்து நிற்காது.

இன்னொரு நுட்பம், இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். கணினியில் மஞ்சள் என்பது சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0. நீலம் என்பது 0, 0, 255. இரண்டுக்கும் சரிபாதியில் நிற்கும் நிறம் என்ன? மூன்றுமே ஏறக்குறைய 128. அது வெறும் சாம்பல். மஞ்சளிலிருந்து நீலத்துக்கு நேராகப் போகச் சொன்னால் நடுவில் அழுக்குப் படிந்தது போல் ஆவது இதனால்தான். நடுவில் ஒரு பச்சையையோ ரோஜாவையோ நிறுத்திவைத்தால் அழுக்கு போய்விடும்.

நல்ல நிற வரிசைகளை எங்கே கற்றுக்கொள்வது? எனக்குப் பட்டுப்புடவைக் கடையை விடச் சிறந்த பள்ளிக்கூடம் தெரியவில்லை. சிக்பேட்டையில் புடவைக் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. கல்யாணத்துக்கு எடுக்கப் போகிறவர்களோடு துணைக்குப் போய் உட்கார்ந்து, விரிக்க விரிக்கக் கவனியுங்கள். அரக்கு உடலுக்குக் கடுகு மஞ்சள் கரை. வாடாமல்லிக்குக் கிளிப்பச்சை. மாம்பழ மஞ்சளுக்கு மயில்கழுத்து. இவற்றில் எதுவும் தன்பாட்டுக்குத் தோன்றியது கிடையாது, தலைமுறை தலைமுறையாகத் தறியில் சோதித்துப் பார்த்துத் தேறிய ஜோடிகள். குறிப்பாக மயில்கழுத்தைக் கூர்ந்து பாருங்கள். அது ஒரு நிறமே இல்லை. பாவில் ஒன்று, ஊடையில் ஒன்று என்று நீலமும் பச்சையும் குறுக்கே ஓடுவதால், துணி மடியும் இடத்தில் ஒன்று தூக்கலாகத் தெரிகிறது, விரியும் இடத்தில் மற்றொன்று. கிரேடியன்டில் நீலத்துக்கும் பச்சைக்கும் இடைவெளியைக் குறுக்கி, அடுத்தடுத்து நாலைந்து முறை மாற்றி வைத்துப் பாருங்கள். சுருள்களின் வளைவில் அதே மினுக்கம் வரும்.

இந்த ஊரே ஒரு வண்ணத்தட்டுதான். வருடத் தொடக்கத்தில் டபேபுயா பூத்து ரோஜா நிறத்தில் நிற்கும்போது, மேலே சாம்பல் வானம் இருந்தால் அந்த இரண்டு நிறமே ஒரு வாரத்துக்குப் போதும். மார்ச், ஏப்ரலில் ஜாக்கரண்டாவின் கத்தரிப்பூ நிறம். கே.ஆர். மார்க்கெட் பூக்கடைகளில் கனகாம்பரம், சாமந்தி, மல்லிகை, மரிக்கொழுந்து. போனில் படம் எடுத்து, அதிலிருந்து நாலு இடத்தில் நிறத்தைத் தொட்டு எடுங்கள். ஜிம்ப் மாதிரி எந்தப் படத் திருத்து மென்பொருளிலும் அதற்கு ஒரு கருவி இருக்கும். அந்த நாலை கிரேடியன்டில் வைத்தால் அன்றைய படம் பாதி முடிந்தது.

கொஞ்சம் தேறிய பிறகு ஆர்பிட் ட்ராப் முறையைத் தொட்டுப் பாருங்கள். இதுவரை சுற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தோம். புள்ளி சுற்றிச் சுற்றிப் போகும் வழியில் ஒரு கோட்டையோ வட்டத்தையோ வைத்துவிட்டு, அதற்கு எவ்வளவு பக்கத்தில் வந்துபோனது என்பதைக் கொண்டு நிறம் கொடுப்பது இந்த முறை. தங்கிவிடும் புள்ளிகளுக்கும் இப்படி நிறம் கொடுக்கலாம் என்பதால், வெறும் கறுப்பாகக் கிடந்த உட்பகுதி விழித்துக்கொள்ளும். கூட்டல் குறி வடிவில் பொறி வைத்தால் மெல்லிய தண்டுகள் முளைக்கும். ஐபிஎம்-இல் இருந்த கிளிஃபர்ட் பிக்கோவர் இதைப் பரப்பியதால் அவற்றை பிக்கோவர் தண்டுகள் என்றே சொல்கிறார்கள்.

தினமும் கொஞ்சம்

வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு இரவில் அரை மணி நேரம் போதும். இடம் தேடுவதையும் நிறம் போடுவதையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தேடுவது கால் போன போக்கில் நடக்கிற வேலை, நிறம் போடுவது உட்கார்ந்து செய்கிற வேலை. சனி, ஞாயிறில் உள்ளே போய்ச் சுற்றிவிட்டு, பிடித்த ஏழெட்டு இடங்களைச் சேமித்து வையுங்கள். வாரநாட்களில் ஒன்றை எடுத்து நிறம் மட்டும் போடுங்கள். புதன்கிழமை இரவில் களைத்து வந்து உட்காரும்போது, இடம் தேடும் பாரம் இல்லாமல் நேராக நிறத்துக்குள் இறங்கலாம்.

சேமிக்கும்போது படத்தை மட்டும் சேமித்தால் போதாது. அளவுகோப்பையும் சேர்த்து வையுங்கள்: எந்தப் புள்ளி, எவ்வளவு பெரிதாக்கியது, எத்தனை சுற்று, என்ன கிரேடியன்ட். அது சில வரிகள் கொண்ட சின்னக் கோப்பு. அது இருந்தால் ஆறு மாதம் கழித்தும் அதே இடத்தை எந்த அளவிலும் மறுபடி எடுக்கலாம். ஜேபெக் மட்டும் இருந்தால், அந்தப் புள்ளியை மறுபடி கண்டுபிடிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

மாண்டெல்பிராட் அலுத்தால் ஜூலியா கணங்கள் இருக்கின்றன. கணக்கு அதே கணக்குதான். கூட்டும் எண்ணை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, தொடக்கப் புள்ளியை மாற்றிக்கொண்டே போக வேண்டும். மாண்டெல்பிராட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஜூலியா உண்டு. கறுப்புக்குள் இருக்கும் புள்ளியை எடுத்தால் ஒட்டிய ஒரே உருவம் வரும், வெளியே இருந்து எடுத்தால் தூசியாகச் சிதறிவிடும். -0.123, 0.745 என்று கொடுத்துப் பாருங்கள். காது விடைத்த முயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அட்ரியன் டுவாடி என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளரின் பெயரால் டுவாடி முயல் என்று அழைக்கப்படுவது அது. சாவோஸில் பிடித்த இடத்தில் மவுஸை வைத்து எம் விசையைத் தட்டினால் அந்த இடத்தின் ஜூலியா வந்துவிடும்.

கணினியே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒரு தாளில் 16 சென்டிமீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணம் வரையுங்கள். மூன்று பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் இணைத்தால் நடுவில் ஒரு முக்கோணம் தலைகீழாக நிற்கும். அதை விட்டுவிட்டு, ஓரத்து மூன்றிலும் அதையே செய்யுங்கள். நாலு முறை செய்தால் ஒரு சென்டிமீட்டர் பக்கத்தில் 81 முக்கோணங்கள் கிடைக்கும். 1915-ல் போலந்தின் வாட்ஸ்வாஃப் செர்பின்ஸ்கி விவரித்த உருவம் இது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கலர் பென்சிலைக் கொடுத்துவிடுங்கள். எதற்கு அடுத்து எந்த நிறம் என்று அவர்கள் யோசிப்பதைப் பார்ப்பதே தனிச் சுகம்.

கோலம் போடுகிறவர்களுக்கு இது முற்றிலும் சொந்த வீடு. ஒரு சின்ன விதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திப் பெரிய கோலத்தை வளர்ப்பதைக் கணினி மொழியில் எழுத முடியும் என்று தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரித்திவாசனோடு சேர்ந்து 1974-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். செடிகளின் வளர்ச்சியை விவரிக்க அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968-ல் கொண்டுவந்த முறையும் இதே குடும்பம்தான். 'முன்னே போ, இடப்பக்கம் திரும்பு' என்ற கட்டளைகளின் வரிசையில், ஒவ்வொரு கட்டளைக்கும் பதிலாக ஒரு முழு வரிசையை வைத்துக்கொண்டே போவது. பாம்புக் கோலத்தை இந்த முறையில் வரையும் விதிகள் அந்தத் துறையின் புத்தகங்களில் உதாரணமாகவே இடம்பெற்றிருக்கின்றன. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் இந்த முறைக்கென்று ஒரு கருவி இருக்கிறது. கோட்டு ஓவியமாக வருவதால், அச்செடுத்துக் கையால் நிறம் தீட்ட இதுதான் மிக வசதி.

கடைசியாக அச்சு. திரைக்கான அளவில் எடுத்த படத்தைத் தாளில் போட்டால் மங்கலாகத்தான் வரும். ஏ4 தாளுக்கு 2480-க்கு 3508 பிக்சல், ஏ3-க்கு 3508-க்கு 4961 பிக்சல் என்று வைத்து அளவுகோப்பிலிருந்து புதிதாக எடுங்கள். முடிந்தால் அதைப்போல மூன்று மடங்கு நீள அகலத்தில் எடுத்துச் சுருக்குங்கள். ஒன்பது புள்ளிகளின் சராசரி ஒரு புள்ளியாவதால் நுனிகளின் சொரசொரப்பு போய்விடும். இரவில் ஓடவிட்டுத் தூங்கினால் காலையில் தயாராக இருக்கும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. அதனால் அடர்நீலமும் வாடாமல்லியும் தாளில் கொஞ்சம் சோர்ந்துதான் விழும், அரக்கும் மஞ்சளும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். முழுப் படத்துக்கும் காசு கொடுக்கும் முன், படத்தின் மிக இருண்ட பகுதியிலிருந்து விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டி, அதையே மூன்று வெளிச்ச அளவுகளில் ஒரு சின்னத் தாளில் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். கடைக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எந்த அளவு என்று சொல்லலாம்.